சாட்டிய நோம்பி நின்றபோது: எஸ்தோனியாவின் பாட்டுத் திருவிழாவும் எங்கள் கும்மித் திடலும்

2020 மார்ச் மாதம் எங்கள் ஊர்க் கோயில் திடலில் நடந்துகொண்டிருந்த வள்ளி கும்மிப் பயிற்சி இருபத்துமூன்றாம் நாளோடு நின்றது. நம்பியூரிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. அறுபது பேர் அரங்கேற்றத்துக்குக் காத்திருந்தார்கள். ஊரடங்கு வந்தது. திடலில் கட்டியிருந்த குழல்விளக்குகளைக் கழற்றிக் கோயில் மடப்பள்ளியில் வைத்துப் பூட்டினோம். இரண்டு ஆண்டு கழித்துப் பூட்டைத் திறந்தபோது விளக்குகள் எரிந்தன, ஆட்கள் பாதியாகியிருந்தார்கள். மூன்று பெண்கள் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். பின்பாட்டை இழுத்துக் கொடுக்கும் இரண்டு அம்மாயிகள் இறந்துபோயிருந்தார்கள். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் கிளி விரட்டும் இடத்தில் வரும் ஒரு பாட்டின் மூன்றாம் அடி யாருக்கும் நினைவில் இல்லை. அதை நாங்கள் எழுதி வைத்திருக்கவும் இல்லை.

நோயால் வந்த இரண்டு ஆண்டு இடைவெளிக்கே இந்தக் கதி. போர் வந்து ஒன்பது ஆண்டு, பதின்மூன்று ஆண்டு என்று நின்றுபோன ஒரு பாட்டுத் திருவிழா எப்படித் திரும்ப எழுந்தது என்று அறிந்துகொள்ள ஆசைப்பட்டேன். தேடியபோது எஸ்தோனியா அகப்பட்டது. பால்டிக் கடலோரத்து நாடு. மொத்த மக்கள்தொகை 14 லட்சத்தைத் தொடாது. 2011 கணக்கெடுப்பில் நம் ஈரோடு மாவட்டத்தில் மட்டும் 22 லட்சத்துக்கு மேல். அந்தச் சின்ன நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல்லாயிரம் பேர் ஒரே மேடையில் நின்று பாடுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லவுலுபிது. லவுல் என்றால் பாட்டு, பிது என்றால் விழா. எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் பாட்டு நோம்பி.

நம் மாரியம்மன் நோம்பியில் பூச்சாட்டி, கம்பம் நட்ட பிறகு ஊர் கட்டுப்பட்டுவிடும். சாட்டிய நோம்பி நிற்கக்கூடாது என்பார்கள். எஸ்தோனியர்களுக்கு நடுவில் நின்றது, அதுவும் இரண்டு முறை. இந்த ஆய்வு அந்த இரண்டு முறிவுகளையும், அவற்றுக்குப் பிறகு நடந்தவற்றையும் பற்றியது.

1869: பள்ளி வாத்தியார்களின் வேலை

தொடக்கத்தைத் தெரிந்துகொண்டால்தான் முறிவு புரியும். அன்று எஸ்தோனியா ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. நிலமெல்லாம் பால்டிக் ஜெர்மானியப் பண்ணையார்கள் கையில். எஸ்தோனியக் குடியானவன் 1819 வரை, லிவோனியா என்று அழைக்கப்பட்ட தென்பகுதியில், பண்ணையடிமை. அந்த அடிமை முறை ஒழிந்த ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு 1869 ஜூனில் தார்து நகரில் முதல் பாட்டுத் திருவிழா நடந்தது. முன்னின்று நடத்தியவர் யோஹான் வோல்டெமார் யான்சென் என்ற பத்திரிகையாசிரியர். அவர் மகள் லிடியா கொய்டுலா கவிஞர்.

எண்ணூறுக்கு மேற்பட்ட பாடகர்களும் ஊதுகுழல்காரர்களும் வந்தார்கள். எல்லோரும் ஆண்கள். பாடியவற்றில் பெரும்பாலானவை ஜெர்மானிய மரபில் அமைந்த பாட்டுகளே. எஸ்தோனியர் ஒருவர் இசையமைத்த பாட்டுகள் இரண்டே இரண்டு. இரண்டுக்கும் வரிகள் கொய்டுலாவுடையவை, இசை அலெக்சாண்டர் குனிலெய்டுடையது. அவற்றில் ஒன்று “மு இசமா ஒன் மினு ஆர்ம்”. என் தாய்நாடே என் அன்பு என்று பொருள். இந்தப் பாட்டைப் பிறகு மறுபடி சந்திப்போம்.

இத்தனை பேருக்கு நாற்குரலில், அதாவது நான்கு குரல்களாகப் பிரிந்து ஒரே நேரத்தில் பாட யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஊர்ப் பள்ளி வாத்தியார்கள். வல்கா நகரில் யானிஸ் சிம்சே நடத்திய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இசை முக்கியப் பாடம். அங்கே படித்து வெளியே வந்த லாட்விய, எஸ்தோனிய வாத்தியார்கள் போன ஊர்களில் எல்லாம் பாட்டுக் குழு அமைத்தார்கள். குனிலெய்டும் அங்கே படித்தவர்தான். பகலில் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவர் மாலையில் பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். தார்து மேடை மூன்று நாள் இருந்து பிரிக்கப்பட்டது. மாலைப் பயிற்சிகள் ஊர்களில் தொடர்ந்தன. இந்த ஆய்வில் நான் கண்ட எல்லாவற்றுக்கும் வேர் இதில் இருக்கிறது.

பெண்கள் மேடையேற 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுத் திருவிழாவில்தான் ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுக்கள் முதன்முதலாகப் பாடின. இதைப் படித்தபோது மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயாவை நினைத்துக்கொண்டேன். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தவர். 2024-இல் பத்மஸ்ரீ பெற்றபோது அவருக்கு வயது 87. இன்று எங்கள் திடலில் நூறு பேர் நின்றால் எண்பது பேர் பெண்கள். பெண்கள் வராமல் போயிருந்தால் கும்மி இன்று ஏதாவது ஒரு பல்கலைக்கழக ஒலிப்பதிவில்தான் இருந்திருக்கும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தொடக்க காலத் திருவிழா தன் ஊரின் பழைய பாட்டையே ஒதுக்கி வைத்தது. எஸ்தோனிய நாட்டுப்புறத்தின் பாட்டு ரெகிலவுல். எட்டசை அடி, மோனை நிறைந்த வரி, ஒருவர் முன்பாட்டு, மற்றவர்கள் பின்பாட்டு. நாற்குரல் பாட்டு நாகரிகம், ரெகிலவுல் பட்டிக்காட்டுத்தனம் என்று படித்தவர்கள் நினைத்தார்கள். உடுக்கைப் பாட்டையும் கும்மியையும் நம் வீடுகளிலேயே எப்படிப் பேசினார்கள் என்பது நினைவுள்ளவர்களுக்கு இது புதிதல்ல. நல்லவேளையாக யாகோப் ஹுர்ட் என்ற பாதிரியார் 1888-இல் பத்திரிகை வழியாக நாட்டு மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் ஊர்ப் பாட்டுகளை எழுதி அனுப்புங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதி அனுப்பினார்கள். சேர்ந்தது ஒரு லட்சம் பக்கத்துக்கு மேல். நம் பக்கத்தில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி 1960-களில் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவுசெய்த பிரெண்டா பெக் அம்மையாரின் பணி இதற்கு நிகரானது. அவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். ஹுர்ட்டுக்கு எழுதி அனுப்பியவர்களோ அந்தந்த ஊர்க்காரர்கள்.

முதல் முறிவு

1910-இல் தாலின் நகரில் ஏழாவது திருவிழா. அதற்குள் பாடுபவர்கள் ஏறக்குறைய பத்தாயிரம் ஆகியிருந்தார்கள், பாட்டுகளும் பெரும்பாலும் சொந்த நாட்டு இசையமைப்பாளர்களுடையவை ஆகியிருந்தன. எட்டாவது திருவிழா 1923-இல்தான் நடந்தது.

இடையில் முதல் உலகப் போர். ஜார் படைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் எஸ்தோனியர்கள் திரட்டப்பட்டார்கள். ஒரு பாட்டுக் குழுவுக்குள் இது எப்படி இறங்கும் என்று யோசித்தால், கீழ்க்குரல் பாடும் ஆண்கள் எல்லோரும் ஒரே மாதத்தில் காணாமல் போவார்கள். நாற்குரலில் இரண்டு குரல் போய்விடும். 1918 பிப்ரவரியில் விடுதலை அறிவிப்பு, உடனே ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, நவம்பரில் சோவியத் ரஷ்யாவின் செஞ்சேனையோடு விடுதலைப் போர். 1920 பிப்ரவரி 2-ஆம் தேதி தார்து உடன்படிக்கையோடு போர் முடிந்தது.

இந்த முறிவு எளிதில் ஆறியது என்பது என் கணிப்பு. திரும்பி வந்தவர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பினார்கள். பள்ளிகள் அவர்கள் மொழியில் நடந்தன. 1923-இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்று ஒழுங்கு பிடித்தது: 1928, 1933, 1938. கடலைப் பார்த்த சரிவில் இன்றும் இருக்கும் திடலுக்குத் திருவிழா வந்தது 1928-இல். சரிவு என்பது கவனிக்கத் தக்கது. மேடை கீழே, கேட்பவர் மேட்டில். நம் ஊர்களில் குளத்துக் கரையில் உட்கார்ந்து, கீழே நடக்கும் கூத்தைப் பார்ப்பது போல.

இரண்டாம் முறிவு

ஒழுங்குப்படி அடுத்தது 1943-இல் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

1940 ஜூனில் சோவியத் படை உள்ளே வந்தது. 1941 ஜூன் 14-ஆம் தேதி ஒரே இரவில் தொடங்கி ஏறக்குறைய பத்தாயிரம் பேர் ரயில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள். சில வாரங்களில் ஜெர்மானியப் படை வந்தது. மூன்று ஆண்டு ஆண்டது. எஸ்தோனிய இளைஞர்கள் இரண்டு பக்கப் படைகளிலும் சேர்க்கப்பட்டார்கள், பெரும்பாலும் கட்டாயத்தில். ஒரே பாட்டுக் குழுவில் தோளோடு தோள் நின்றவர்கள் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இருந்திருப்பார்கள். 1944 மார்ச் 9-ஆம் தேதி இரவு தாலின் மீது சோவியத் விமானங்கள் குண்டு போட்டன. நகரின் பெரிய நாடக அரங்கு எரிந்தது. அந்த ஆண்டு செஞ்சேனை மறுபடி நெருங்கியபோது 70,000-க்கும் மேற்பட்டவர்கள் படகுகளிலும் கப்பல்களிலும் மேற்கே தப்பினார்கள். அவர்களில் இசையாசிரியர்கள், குழு நடத்துநர்கள் பலர்.

நம் பக்கத்துக்குப் போர் இப்படி வந்து இறங்கியதில்லை. அந்தக் காலத்துக் கதை என்றால் 1942 ஆகஸ்டில் சூலூர் விமான தளம் தீக்கிரையானதைச் சொல்வார்கள். அதுவும் விடுதலைப் போராட்டக் கதை. அதனால் எங்கள் இரண்டு ஆண்டு ஊரடங்கை அவர்களுடைய துயரத்தோடு ஒப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஒப்பிடக்கூடியது ஒன்றே ஒன்றுதான். நின்ற பாட்டைத் திரும்பத் தொடங்கும் முதல் மாலையில், யார் வரவில்லை என்று எண்ணுவதில் பாதி நேரம் போய்விடும்.

1947 ஜூன் மாதக் கடைசியில் பன்னிரண்டாவது திருவிழா நடந்தது. ஒன்பது ஆண்டுக்குப் பிறகு. நடத்தியது சோவியத் ஆட்சி. போரில் நொறுங்கிப் பசியில் இருந்த நாட்டில், இருபத்தைந்தாயிரம் பேர் அளவில் மேடையேறினார்கள். ஸ்டாலினையும் சோவியத் நாட்டையும் புகழும் பாட்டுகள் நிரலில் கட்டாயம் இருந்தன. அவற்றைப் பாடினால்தான் மற்றவற்றைப் பாட முடியும் என்ற நிலை.

இங்கே நம் அண்ணன்மார் கோயில் படுகளத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. உடுக்கை முழங்க, பொன்னர் சங்கர் கதையின் கடைசிப் போர் பாடப்படும். அருள் வந்தவர்கள் ஒவ்வொருவராக மண்ணில் விழுவார்கள். வெள்ளைத் துணி போர்த்திப் படுக்க வைத்திருப்பார்கள். பிறகு தங்கையின் பாட்டோடு தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். எல்லோரும் எழுந்த பிறகுதான் கூட்டம் மூச்சு விடும். சின்ன வயதில் நான் விழுந்தவர்களை எண்ணி வைத்துக்கொண்டு, எழும்போது எண்ணிச் சரிபார்ப்பேன். 1947-இல் தாலினில் எண்ணினால் கணக்கு உதைக்கும். 1938-இல் பாடியவர்களில் பலர் சைபீரியாவில், பலர் சுவீடனில், பலர் மண்ணுக்குள். ஆகவே 1947-ஐ வெறும் மீட்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. பாதி எழுந்த படுகளம் அது.

ஒரு பாட்டு, இரண்டாவது மெட்டு

இசையமைப்பாளர் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் போர் நாட்களில் ரஷ்யாவின் உட்பகுதியில், சோவியத் பக்கம் போய்ச் சேர்ந்த எஸ்தோனியக் கலைஞர்களோடு இருந்தார். ஊரை விட்டு வெகுதூரத்தில் இருந்தபோது கொய்டுலாவின் பழைய கவிதையை எடுத்துப் புது மெட்டுப் போட்டார். “மு இசமா ஒன் மினு ஆர்ம்”. 1869-இல் குனிலெய்ட் மெட்டில் பாடிய அதே வரிகள். இந்தப் புது மெட்டு 1947 திருவிழாவில் பாடப்பட்டது. தணிக்கை செய்தவர்களுக்கு இதில் குற்றம் கண்டுபிடிப்பது கடினம். கவிதை எண்பது ஆண்டுப் பழையது. இசையமைத்தவர் ஆட்சியின் பக்கத்தில் இருந்தவர். தாய்நாடு என்றால் எந்த நாடு என்று வரிகளில் இல்லை. பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் தெரியும்.

ஆட்சிக்கும் தெரிந்துவிட்டது. 1949 மார்ச்சில் இன்னொரு நாடு கடத்தல். இம்முறை இருபதாயிரத்துக்கு மேல். 1950 தொடக்கத்தில், அவ்வாண்டுத் திருவிழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த தலைமை நடத்துநர்கள் மூவர் கைது செய்யப்பட்டார்கள்: தூதூர் வெட்டிக், ரிஹோ பாட்ஸ், ஆல்ஃபிரெட் காரிண்டி. மூவரும் இசையமைப்பாளர்கள்; 1947 மேடையில் நின்றவர்கள். முகாம்களுக்கு அனுப்பப்பட்டு, ஸ்டாலின் இறந்த பிறகு 1950-களின் நடுவில்தான் திரும்பினார்கள். கொய்டுலாவின் பாட்டு நிரலிலிருந்து எடுக்கப்பட்டது. திருவிழா மட்டும் நடந்தது.

இந்த 1950-ஐத்தான் நான் முறிவுகளிலேயே கடுமையானது என்று சொல்வேன். போர் திருவிழாவை நிறுத்தியது. 1950-இல் திருவிழா நிற்கவே இல்லை. மேடை இருந்தது, கூட்டம் இருந்தது, கொடி இருந்தது, பாட்டு வேறாக இருந்தது. நின்றதை மறுபடி தொடங்கலாம். நிற்காமலே மாறிப்போனதை எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1960-இல் வந்தது. அந்த ஆண்டுதான் கட்டடக் கலைஞர் ஆலார் கோட்லி வடிவமைத்த புது மேடை திறக்கப்பட்டது. சிப்பி ஓடு கவிழ்ந்தாற்போல வளைந்த கூரை. குரலை மேட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அனுப்பும். நிரல் முடிந்தது. நிரலில் இல்லாத அந்தப் பாட்டைப் பாடகர்களும் கூட்டமும் தாமாகவே எடுத்தார்கள். பத்து ஆண்டு மேடையில் ஒலிக்காத பாட்டை இத்தனை ஆயிரம் பேர் குரல் பிரித்துப் பாட முடிந்தது எப்படி? அதை மறக்காமல் வைத்திருந்தது மேடை அல்ல. வீடு, சமையலறை, குழுப் பயிற்சி முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரம். அடுத்து 1965-இல் அந்தப் பாட்டு நிரலுக்குள்ளேயே வந்தது. பிறகு ஒவ்வொரு திருவிழாவும் அதைப் பாடி முடிவதே வழக்கமாயிற்று.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது உலகம் அறிந்தது. 1988 கோடையில் விடுதலை வேண்டி அதே திடலில் இரவிரவாகப் பாடினார்கள். செப்டம்பர் 11-ஆம் தேதி கூடியவர்கள் 3 லட்சம் பேர் என்று சொல்லப்படுகிறது. 1990 திருவிழாவுக்கு வெளிநாடுகளில் வாழ்ந்த எஸ்தோனியர்களின் குழுக்கள் வந்து சேர்ந்தன. சுவீடனிலும் கனடாவிலும் இவர்கள் இத்தனை ஆண்டும் தமக்கென்று பாட்டுத் திருவிழா நடத்தி வந்தவர்கள். 1991 ஆகஸ்ட் 20-ஆம் தேதி நாடு மீண்டும் விடுதலை பெற்றது. பால்டிக் நாடுகள் மூன்றின் பாட்டு, ஆட்டத் திருவிழாக்களையும் யுனெஸ்கோ 2003-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. 2025 ஜூலையில் நடந்தது இருபத்தெட்டாவது.

திருவிழாவுக்கு நடுவில் இருக்கும் நான்கு ஆண்டுகள்

இதைத்தான் நம்மவர்கள் உற்றுப் பார்க்க வேண்டும். திருவிழா ஐந்தாண்டுக்கு ஒருமுறை சில நாள். நடுவில் என்ன நடக்கிறது?

நடத்துநர்களும் இசையமைப்பாளர்களும் கூடிப் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாட்டுப் புத்தகம் திருவிழாவுக்கு வெகு முன்பே குழுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு ஊர்க் குழுவும் வாரந்தோறும் கூடிப் பயிற்சி செய்கிறது. பிறகு வட்டார அளவில் முன்பயிற்சி. தலைமை நடத்துநர்கள் நேரில் போய்க் கேட்கிறார்கள். தேறாத குழு மேடைக்குப் போக முடியாது. இது கண்டிப்பாகத் தெரியலாம். ஆனால் ஐம்பது வீடுள்ள ஊரின் குழுவும் தலைநகரத்துக் குழுவும் ஒரே அளவுகோலில் நிற்பது இதனால்தான். குழந்தைகளுக்குத் தனிக் குழுக்கள் உண்டு. 1962-இலிருந்து இளைஞர்களுக்கென்றே தனித் திருவிழாவும் நடக்கிறது. ஆக, பத்து வயதில் கீச்சுக் குரலில் பாடிய பிள்ளை முப்பது வயதில் தன் பிள்ளையோடு மேடையில் நிற்கிறாள்.

சோவியத் ஆட்சிக்குத் திருவிழாவின் ஆடம்பரம் தேவைப்பட்டது. அதற்காகக் குழுக்களையும் பயிற்சியையும் அச்சடித்த பாட்டுப் புத்தகத்தையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. மேடையில் பாடுவது எது என்பதை அவர்களால் தீர்மானிக்க முடிந்தது. வாரம் ஒருமுறை கூடும் பழக்கத்தை அழிக்கவில்லை. அழித்திருந்தால் 1960 நடந்திருக்காது. போர்களும் அந்தப் பழக்கத்தைச் சிதைத்தன, வேரறுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியாரும் கூடுவதற்கு ஒரு பள்ளிக்கூடமும் மிஞ்சிய ஊர்களில் பாட்டும் மிஞ்சியது.

ரெகிலவுலுக்கும் ஒரு நல்ல காலம் வந்தது. வெல்யோ தோர்மிஸ் என்ற இசையமைப்பாளர் அந்தப் பழம்பாட்டுகளைப் பெரிய குழுக்கள் பாடும்படி அமைத்தார். அவர் இறந்தது 2017-இல். ஹுர்ட்டுக்கு ஊர்மக்கள் எழுதி அனுப்பியது போன்ற சேகரிப்புகள் இல்லாவிட்டால் அவருக்கு எடுத்தாள எதுவும் இருந்திருக்காது.

எங்கள் திடலில்

நம் பக்கத்தில் வள்ளி கும்மி மீண்டும் தழைத்திருப்பது உண்மை. ஆசிரியர் ஊருக்கு வருகிறார், ஒன்றரை, இரண்டு மாதம் மாலை நேரத்தில் பயிற்சி, கோயிலில் அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்த மறுநாள் அந்த ஊரில் கும்மி இருக்கிறதா? பல ஊர்களில் இல்லை. ஆசிரியர் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். அரங்கேற்றத்துக்கு எடுத்த ஒரே நிறச் சேலை பீரோவுக்குள் போய்விடுகிறது. எஸ்தோனியாவைப் படித்த பிறகு என்னை உறுத்துவது இதுதான். நாம் மேடையை மீட்டிருக்கிறோம், வாரத்தை மீட்கவில்லை.

இரண்டாவது, ஒலிபெருக்கி. ஆசிரியர் மைக்கில் பாடுகிறார், தாளம் பெட்டியில் ஒலிக்கிறது, நூறு பேர் வாய் மூடி ஆடுகிறார்கள். கும்மி என்றால் கொட்டிப் பாடுவது. பாடாமல் கொட்டினால் பாதிக் கும்மி.

மூன்றாவதைச் சொல்லத் தயங்கினேன், ஆனாலும் சொல்ல வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் சில ஊர் அரங்கேற்றங்களில், சொந்தச் சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வோம் என்று ஆடிய பெண்களிடம் உறுதிமொழி வாங்கிய காணொளிகள் வெளிவந்தன. பெரிய விவாதமானது. வேடர் குலத்தில் வளர்ந்த பெண்ணை முருகன் தேடிவந்து மணந்த கதையை மூன்று மணி நேரம் ஆடிவிட்டு அந்த உறுதிமொழியை எடுப்பதா? பாட்டுக்கு நடுவில் ஸ்டாலின் வாழ்த்தைச் செருகியதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. எங்கள் திடலில் அது கிடையாது. தெற்குத் தெருவிலிருந்தும் காலனியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் ஆண்டு சிலர் முகம் சுளித்தார்கள், இரண்டு வீட்டார் தங்கள் பெண்களை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு வீட்டுப் பெண் திரும்பி வந்தாள்.

சென்ற கார்த்திகையில் ஒரு மாலை, பயிற்சி முடிந்த பிறகு, எஸ்தோனியப் பதிவு ஒன்றைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். மேடை நிறைய ஆட்கள், முன்னால் ஒற்றை ஆள் கை அசைக்கிறார். எங்கள் ஆசிரியருக்கு எழுபத்தெட்டு வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இத்தனை பேருக்கும் மைக் கிடையாதா கண்ணு?” என்று மட்டும் கேட்டார். பிறகு ரெகிலவுல் ஒன்றைப் போட்டேன். ஒரு கிழவி முன்பாட்டு எடுக்கிறாள். அவள் அடி முடிவதற்குள், கடைசி இரண்டு அசையிலேயே மற்றவர்கள் சேர்ந்துகொண்டு அந்த அடியைத் திரும்பப் பாடுகிறார்கள். அவர்கள் முடிக்கும் முன் கிழவி அடுத்த அடிக்குள் போய்விடுகிறாள். நடுவில் மூச்சு விட இடமே இல்லை. ஆசிரியர் தொடையில் தாளம் போட்டார். “என் அம்மா இப்படித்தான் பாடுவாள். அடி தரையில் விழக்கூடாது, கையில் வாங்க வேண்டும் என்பாள். நான்தான் உங்களுக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.”

மறுநாள் ஒலிபெருக்கியை எடுக்கவில்லை. அவர் திடல் நடுவில் நின்று வெறுங்குரலில் எடுத்தார். முதல் சுற்றில் பின்பாட்டு வரவே இல்லை, எல்லோருக்கும் கூச்சம். இரண்டாம் சுற்றில் முன்வரிசைப் பெண்கள் நாலைந்து பேர். காலனிப் பிள்ளை ஒருத்தி, எட்டாவது படிப்பவள், அவர் அடியை முடிக்கும் முன்பே கடைசிச் சொல்லில் பாய்ந்து பிடித்தாள். அவர் திரும்பிப் பார்த்து, “அங்கேதான் அம்மிணி, அங்கேயே பிடி” என்றார். அதற்குப் பிறகு வளையம் முழுக்கக் குரல் வந்தது. குரல் ஒழுங்காக இல்லை. மேல் சுருதியில் பாதி, கீழ் சுருதியில் பாதி.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் கூடுகிறோம், அரங்கேற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சில வாரம் பன்னிரண்டு பேர் வருகிறார்கள், சில வாரம் நாற்பது. அந்த எட்டாவது படிக்கும் பிள்ளையும் இன்னொருத்தியும் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார்கள். இருநூறு பக்க நோட்டில் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. ஆலோலப் பாட்டின் மூன்றாம் அடிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். சிவகிரியில் இருக்கும் தன் தங்கைக்கு அது தெரிந்திருக்கும் என்கிறார் ஆசிரியர். அந்த அம்மாயிக்குக் காது கேட்காது, கைப்பேசியில் பேச முடியாது. பொங்கல் கழித்து நேரில் போவதாக இருக்கிறோம்.